தேங்காய் எண்ணெய் குடித்த ஜப்பான் என்ஜின்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது, "கல்கத்தாவுல ஒத்தையில எப்பிடி இருக்கே?" என்பதுதான். இரண்டாவது, "பேசாம நாகர்கோவிலுக்கு வந்திரலாம்லா?" மூன்றாவது கேள்வி வருவதற்குள் அவர்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்துவிடும், போனை வைத்துவிடுவார்கள். அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே தடவையில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமையோடு என் கணவர் சிவதாணு இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. காலையில் படத்துக்கு மாலை வாங்கி வந்தேன். நம்மூர்ப் பிச்சிப்பூவுக்கு இங்கே எங்கே போவது, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலைதான். இலை போட்டு, அவியலும் புளிசேரியும் வைத்து, கும்பிட்டு முடித்து, அந்த இலையிலேயே நான் சாப்பிட உட்கார்ந்தேன். போன வருஷம் மகன் அருண் ஜப்பானிலிருந்து வந்திருந்தான். இந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. இந்த ஊருக்கு வந்த முப்பத்து நாலு வருஷத்தில், விசேஷச் சமையலைப் பங்கு போட ஆள் இல்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். அவியல் நன்றாகத்தான் வந்திருந்தது. அதைச் சொல்லக்கூட யாரும் இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் சின்ன அறைக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு பொம்மை ரயில் என்ஜினைப் பிரித்துப் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை முன்கதை.

2

பொம்மை என்று சொன்னால் அவர் இருந்தவரை கோபித்துக்கொள்வார். மாடல் என்று சொல்ல வேண்டும். ஆண்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சீப்பின் நீளம்தான் இருக்கும். நீல நிறம், நெற்றியில் ஒரு கிரீம் பட்டை, ஜப்பானில் ஓடிய ஒரு நிஜ மின்சார என்ஜினின் குட்டி வடிவம். ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு சால்ட் லேக்கில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஜாதவ்பூரில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு வாங்கினோம். அதில் சின்ன அறையை அப்பாவும் மகனுமாகப் பிடித்துக்கொண்டார்கள். கப்பலில் வந்த யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு பழைய ஜப்பான் ரயில் செட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அருணுக்கு அப்போது ஒன்பது வயது. இரும்புக் கட்டில்மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் தண்டவாளத்தை வட்டமாகப் பதித்து, சாயங்காலம் ஆனால் இருவரும் உள்ளே போய்விடுவார்கள்.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். அந்தச் சின்ன வயிற்றுக்குள் நடுவில் ஒரு மோட்டார், அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தண்டு, தண்டின் முனையில் திருகாணி மாதிரி மரை வெட்டிய ஒரு பல், அதற்கு வார்ம் என்று பெயர். அது சுற்றினால் கீழே உள்ள பற்சக்கரங்கள் சுற்றும், அவை உண்மைச் சக்கரங்களைச் சுழற்றும். இத்தனையும் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தைப் பலகை வாங்கி, கட்டில் கால் வழியாகத் தரைக்கு இறக்கும். ஆபீஸில் பகல் முழுக்கத் தட்டச்சு இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வரும் எனக்கு எரிச்சலாக வரும்.

"ரெண்டு பேருமா அந்தச் சனியனை நிறுத்துதியளா இல்லியா?" என்று அடுக்களையிலிருந்து கத்துவேன்.

"சத்தம் போடாத என்ஜினு என்னத்துக்கு ஆகும்? நீ மட்டும் சத்தம் போடாமலா ஓடுதே?" என்பார் அவர். உள்ளே மகன் சிரிப்பது கேட்கும்.

அந்த அறையில் அவர்கள் பேசியது பாதி வங்காளம், பாதி தமிழ். அருணுக்கு வங்காளம்தான் வாயில் வரும். தெருவில் அவனுக்குப் பெயரே 'பாபாய்'. ஒரு கோடை விடுமுறையில் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனபோது என் அண்ணன் பிள்ளைகளிடம், "தண்ணி திங்கணும்" என்றான். வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடுவார்கள்தானே, அதை அப்படியே சொல்லிவிட்டான். பிள்ளைகள் அந்த லீவு முழுக்க அவனைப் பார்க்கும்போதெல்லாம், "தண்ணி திங்கியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் அவன் தமிழ் பேசி நான் பார்க்கவில்லை. அண்ணன் பிள்ளைகளை அப்போதே நான் அதட்டியிருக்க வேண்டும். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

3

இந்த நீல என்ஜின், அவர் ஓய்வு பெற்றபோது அருண் ஜப்பானிலிருந்து அனுப்பிய பரிசு. புத்தம் புதியதுதான், ஆனால் ஓட்டிய முதல் நாளே முனகியது. ஜப்பான்காரன் செய்தது சத்தமே போடாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "புது வண்டி, ஓடி ஓடிப் பழகும்" என்றார் அவர். அது பழகுவதற்குள் நாலே மாதத்தில் போய்விட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அருண் வீடியோவில் வருவான். அங்கே அப்போது மத்தியானம் ஒன்றரை.

"சாப்பிட்டியா மக்களே?"

"சாப்பிட்டேன் மா."

"குளிரா?"

"ஆமா. அங்க?"

"இங்க புழுக்கம்."

அவ்வளவுதான். பிறகு இருவரும் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அவன் வேலை எனக்குப் புரியாது. என் பொழுது அவனுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா இருந்தவரை அவர்கள் இருவரும் பேசுவார்கள், நான் பின்னால் நின்று ஒரு வார்த்தை சொல்வேன். பேசுகிறவர் போன பிறகுதான், எனக்கும் அவனுக்கும் நடுவே நேராகப் போட்ட பாதை எதுவும் இல்லை என்பது தெரிந்தது. "சரி மா, வெச்சிடவா?" என்று அவன் கேட்கும்போது, பாவம், விடுதலை கிடைத்த குரலில்தான் கேட்பான். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

போன வருஷம் முதல் நினைவு நாளுக்கு வந்து அஞ்சு நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் கிளம்பிய மறுநாள் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சின்ன அறையைத் துடைக்கலாம் என்று போனவள், பலகைமேல் இருந்த துணியை எடுத்துவிட்டு, அவர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, மின்சாரப் பெட்டியின் குமிழைத் திருகினேன். முன்னால் போகும்போது முனகியது, பின்னால் திருப்பினால் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டதும் அடுக்களையிலிருந்து யாரோ என்னைத் திட்டப்போகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தேன். திட்டவேண்டியவள் நான்தான், நான் இங்கே நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, வேறு பேச்சு இல்லாததால், "அப்பாக்க நீல என்ஜினு பின்னால வரும்போ ரொம்ப இரையுது மக்களே" என்றேன்.

அருண் முகம் திரையில் பெரிதாகிவிட்டது. "தாடாவ், தாடாவ், இரு மா. சாம்னே, முன்னாடி போறப்ப கம்மியா, பின்னாடி வர்றப்ப மட்டும் ஜாஸ்தியா? வேகமா போனா கூடுதா? கர்ருன்னு வருதா, டிக்டிக்குன்னு வருதா?"

முப்பத்தோரு வயது மகன் என்னிடம் ஒரே மூச்சில் அத்தனை கேள்விகள் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அன்று ஒரு மணி நேரம் பேசினோம். வைத்த பிறகுதான் பார்த்தேன், அடுப்பில் வைத்த பால் முழுவதும் பொங்கி வழிந்திருந்தது.

4

"கியருக்கு ஒரு சொட்டு ஆயில் விடு மா. ஒரு சொட்டுதான், ஊசி முனையில எடுத்து வெக்கணும்" என்று சொல்லியிருந்தான். என்ன ஆயில் என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நாகர்கோவில்காரியிடம் எண்ணெய் என்றால் வேறு எது? தாளிக்கவும் தலைக்கும் கதவுக் கீலுக்கும் தையல் மிஷினுக்கும் எங்கள் வீட்டில் ஒரே எண்ணெய்தான். அண்ணன் வருஷத்துக்கு இரண்டு தடவை செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அனுப்புவான். ஊசி முனையில் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பக்கப் பல்லுக்கும் வைத்தேன். ஒரு சொட்டு போதாது என்று தோன்றியதால் தாராளமாகவே வைத்தேன்.

ஆகஸ்டில் என்ஜின் வெண்ணெயாக ஓடியது. பின்னால் வரும்போது மட்டும் கொஞ்சம் கத்தல் இருந்தது. அருண் பாராட்டினான். துர்கா பூஜைக்கு ஊரே மேளம் அடித்தபோதும் நான் தினமும் சாயங்காலம் பத்துச் சுற்று ஓட்டினேன். கீழ் வீட்டு ஷிகா திதி, நம்மூர்ப் பேச்சில் ஷிகா அக்கா, படியில் மறித்து, "தினமும் மிக்ஸியில் என்னதான் அரைக்கிறாய்? ஒரு நாளாவது எங்களுக்குக் கொடுத்தாயா?" என்று வங்காளத்தில் கேட்டாள். இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கொடுத்துச் சமாளித்தேன்.

டிசம்பர் பாதியில் ஒரு ஞாயிறு காலை, குமிழைத் திருகினால் வண்டி நகரவில்லை. இன்னும் திருகினேன். முக்கி, ஒரு சாண் போய், அரைபடும் சத்தத்தோடு நின்றுவிட்டது.

"என்ன ஆயில் விட்ட மா?"

"மிஷின் ஆயிலுதான்" என்று பொய் சொன்னேன். ஏதோ தப்பு என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

"மூடியைக் கழட்டி கேமராவுல காட்டு."

காட்டினேன். பல் இடுக்கெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அருண் திரைக்கு இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தான். பிறகு, "மா, இது தேங்காண்ணெயா?" என்றான். வங்காளச் சொல் அவனுக்கு எளிதாக வந்திருக்கும். நான் சொல்வது போலவே, தேங்காண்ணெ என்றான்.

நம்மூரில் மார்கழிக் காலையில் லேசாக வெள்ளை தட்டினால் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். இங்கே குளிர்காலம் வந்தால் பாட்டிலோடு கல்லாகிவிடும். முப்பத்து நாலு வருஷமாகக் குளிப்பதற்கு முன் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி வைக்கிறவள் நான். என்ஜினுக்குள் போனதும் அதே எண்ணெய்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அருண் சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலியிலிருந்து சரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தான். அவன் அப்பா போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் முட்டாள்தனத்துக்கு அப்போது கிடைத்த மதிப்பு, எனக்கு வேறு எதற்கும் கிடைத்ததில்லை.

5

பிளாஸ்டிக் பற்சக்கரத்துக்கென்றே செய்த கிரீஸை அருண் ஜப்பானிலிருந்து அனுப்பினான். சுண்டுவிரல் பருமன் டியூப். அது தபால் அலுவலகத்தில் வந்து மாட்டிக்கொண்டது. பார்சல் மேல் எழுதியிருந்த பெயர் சிவதாணு.

"சிவதாணு பாபுவை நேரில் வரச் சொல்லுங்கள்" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

"அவர் வரமாட்டார்."

"அப்படியானால் உங்களுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம் எழுதி வாங்கி வாருங்கள்."

"அதுக்கும் அவர் வரமாட்டார்."

வங்காளத்தில் இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். அன்று வாய் வரவில்லை. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, இறப்புச் சான்றிதழ் நகலும் என் அடையாள அட்டையும் ஒரு விண்ணப்பமும் கேட்டார். ஆயுள் முழுக்க மற்றவர்களின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்தவள், ஒரு டியூப் கிரீஸுக்காக என் கணவர் இல்லை என்பதற்கு என் கையால் ஒன்று எழுதினேன். பொருளின் பயன் என்ற இடத்தில் 'விளையாட்டு' என்று எழுதினேன். அவர் என் நரைத்த தலையைப் பார்த்து, "யார் விளையாட?" என்றார்.

"நான்தான்."

அருணிடம் சொன்னபோது, கடையின் இணையப் பக்கத்தில் அப்பா பெயரில் சேமித்திருந்த பழைய முகவரியை அழுத்திவிட்டதாகச் சொன்னான். "இன்னும் டிலீட் பண்ணல மா" என்றான்.

"பண்ணாண்டாம் மக்களே. இருக்கட்டு."

அன்று என்ஜினைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் நெடுநேரம் போனை வைக்கவில்லை.

6

பிப்ரவரியில் எல்லாப் பல்லையும் ஸ்பிரிட்டில் கழுவி, கிரீஸ் வைத்தேன். முன்னால் போகும் முனகல் போய்விட்டது. பின்னால் வரும் கத்தல் மட்டும் போகவில்லை. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டோம். தண்டு வளைந்திருக்குமோ, மூடி தளர்ந்திருக்குமோ, பல் தேய்ந்திருக்குமோ. எனக்கு ட்வீசர் பிடிக்கப் பழகிவிட்டது. நடுவில் அவன், பக்கத்து வீட்டுக் கிழவர் தினமும் வணக்கம் சொல்வதையும், ரசம் வைக்கப் பார்த்துப் பாழாக்கியதையும், தனியாக இருக்கச் சில நாள் கஷ்டமாக இருப்பதையும் சொன்னான். இதெல்லாம் முகத்தைப் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை. இருவரும் குனிந்து ஒரு திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னான்.

போன வியாழக்கிழமை மத்தியானம் தனியாக உட்கார்ந்து பிரித்தபோது, புடவை ஊக்கின் முனையால் பின்பக்க வார்மைத் தள்ளிப் பார்த்தேன். மயிரிழை அளவு நகர்ந்தது. மறுபக்கம் தள்ளினால் திரும்பி வந்தது. முன்னால் போகும்போது அது ஒரு பக்கம் சாய்ந்து ஒழுங்காக இருக்கிறது. பின்னால் திருப்பினால் மறுபக்கம் ஓடிப் போய் இடிக்கிறது. கத்தலுக்குக் காரணம் அந்த மயிரிழைதான். நடுவில் மெல்லிய வில்லை ஒன்று வேண்டும், அதில் ஓட்டையும் வேண்டும்.

தையல் பெட்டியைக் கொட்டினேன். அருண் நாலாம் வகுப்பில் நாடகத்தில் ராஜா வேஷம் போட்டபோது கிரீடத்துக்கு வாங்கிய சமிக்கிப் பொட்டலம் அடியில் கிடந்தது. தங்க நிறச் சமிக்கி ஒன்றை எடுத்து, ஓட்டையை ஊசியால் கொஞ்சம் பெரிதாக்கி, தண்டில் கோத்து, மூடினேன். பின்னால் திருப்பிக் குமிழைத் திருகினேன். மோட்டார் ஓடவில்லை என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் வண்டி பாதி வட்டம் போய்விட்டிருந்தது.

"கேட்டியளா?" என்று திரும்பினேன். மாலை போட்ட படம்தான் இருந்தது.

சந்தோஷம் அந்தச் சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை. வரும் ஞாயிறு இதைச் சொல்வேன், சபாஷ் என்பான். அதற்கடுத்த ஞாயிறு? சாப்பிட்டியா, குளிரா, வெச்சிடவா. ஒரு வருஷமாக எனக்குக் கிடைத்த மகனை, ஒரு சமிக்கியை வைத்து நானே வழியனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. அதைக் கழற்றிவிடலாம் என்று இரண்டு தடவை போனேன். சரியாக ஓடுகிற ஒன்றைக் கெடுக்கக் கை வரவில்லை. சனிக்கிழமை ஷிகா திதி படியில் நிறுத்தி, "மிக்ஸி கெட்டுப்போச்சா? சத்தமே இல்லையே" என்று கேட்டாள்.

ஞாயிறு பத்து மணிக்கு அருண் வந்தான். நினைவு நாளுக்கு வர முடியாததற்கு மறுபடி வருத்தப்பட்டான். பிறகு, "அந்த ஆவாஜ் எப்பிடி இருக்கு மா?" என்றான். சத்தத்தை அவன் வங்காளத்தில் ஆவாஜ் என்றுதான் சொல்வான்.

"அப்பிடியேதான் இருக்கு மக்களே."

"பின்னாடி வர்றப்பவா?"

"ஆமா."

"போனை பலகை மேல வை. நான் கேக்கறேன்."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அடுக்களையில் மிக்ஸியைப் போட்டுவிட்டு வரலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. போனைப் பலகையின் அந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன். அங்கிருந்து அவனுக்கு வண்டியும் தெரியும், அதற்குப் பின்னால் நானும் தெரிவேன். குமிழைப் பின்பக்கம் திருகினேன்.

என்ஜின் ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்று வந்தது. கீழே தெருவில் ஒரு ரிக்ஷாவின் மணி கேட்டது, மேலே மின்விசிறி கேட்டது. அருண் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவன் அப்பா கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் கண்ணைத் திறந்தான். என்ஜினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆமா மா" என்றான். "இன்னும் ஆவாஜ் இருக்கு."

என்ஜின் நாலாவது சுற்று வந்தது.

"நல்லாவே இருக்கு. அடுத்த ஞாயிறு பாப்போம். அதுக்கு அடுத்த வாரமும் ஆகும்னு நெனைக்கிறேன்."

குமிழைத் திருகி வண்டியை நிறுத்தினேன். ஓடியபோது இருந்ததற்கும் நின்ற பிறகு இருந்ததற்கும் அறையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"சரி மக்களே" என்றேன். "நீ சாப்பிட்டியா?"